உங்கள் பைக் எங்கே நிற்கும்?

தமிழ்நாட்டில் ஒருவர் புது பைக்கை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டு கேள்விகள் நிச்சயம். பெரியவர்கள் கேட்பது, "மைலேஜ் எவ்வளவு குடுக்குது?" பசங்க கேட்பது, "டாப் எவ்ளோ போவும் மச்சி?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "அந்த வேகத்துல போனா எங்க நிக்கும்?"

ஸ்போர்ட் டூரிங் பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது. பராமரிப்பு, ஓட்டும் முறை, மூட்டை கட்டுவது என்று எதை எடுத்தாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முடியும்.

முதலில் ஸ்போர்ட் டூரிங் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ரேஸ் பைக்குக்கு வேகம் உண்டு, ஆனால் அரை மணி நேரம் குனிந்து ஓட்டினால் முதுகு போய்விடும். பெரிய டூரிங் பைக்கில் சோபாவில் உட்கார்ந்த மாதிரி போகலாம், ஆனால் வளைவுகளில் யானையைத் திருப்புவது போலத் திருப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் ஸ்போர்ட் டூரர். ஹேண்டில்பார் கொஞ்சம் உயரம், முன்னால் காற்றைத் தடுக்க ஃபேரிங், இரண்டு பேர் வசதியாக உட்கார சீட், நாள் முழுக்க ஓடினாலும் திணறாத இன்ஜின். 1976-இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர்100ஆர்எஸ் இந்த வகைக்கு வழி காட்டியது என்பார்கள். பிறகு யமஹா எஃப்ஜேஆர்1300, ஹோண்டா எஸ்டி1300 என்று பெரிய பெரிய வண்டிகள் வந்தன.

இந்தியாவில் அவ்வளவு பெரிய வண்டி வாங்க எத்தனை பேரால் முடியும்? இங்கே அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. 223 சிசி. அன்றைய 100 சிசி உலகத்தில் அது ஒரு கனவு வண்டி. 2011-இல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2016 டிசம்பரில் பஜாஜ் டோமினார் 400, 2023-இல் கரிஸ்மா எக்ஸ்எம்ஆர் என்று வரிசை நீண்டது. இப்போது கல்லூரிப் பையன்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கி வருவதில் இவைதான் நிறைய. பிரச்சினை ஆரம்பிப்பதும் அங்கேதான். வண்டி கைக்கு வந்துவிடுகிறது, ஓட்டும் பழக்கம் வருவதற்கு முன்பே.

கொஞ்சம் கணக்கு

நல்ல டயர், காய்ந்த தார் ரோடு, பழகிய கை. இந்த மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி. அதன்பிறகு வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 25 கி.மீ. குறைகிறது. இது நன்றாகவே பிரேக் பிடிக்கிறவர் கணக்கு.

40 கி.மீ. வேகத்தில் வந்தால் நிற்க 20 மீட்டர்.
60-இல் 37 மீட்டர்.
80-இல் 58 மீட்டர்.
100-இல் 83 மீட்டர்.

60-க்கும் 100-க்கும் மீட்டரில் வித்தியாசம் வெறும் 40. ஆனால் நிற்கும் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. 83 மீட்டர் என்றால் ஏழு அரசுப் பேருந்துகளை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்திய நீளம். அதில் முதல் 28 மீட்டர் பிரேக்கில் கை படுவதற்கு முன்பே ஓடிப்போய்விடும்! வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பிளஸ் டூ பிசிக்ஸ்தான். பரீட்சையில் மார்க் வாங்கிவிட்டு ரோட்டில் மறந்துவிடுகிற பாடம்.

இந்தக் கணக்கு முழுவதையும் தாங்குவது எது? இரண்டு டயர்கள் தரையைத் தொடுகிற இடம். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும். வண்டியின் எடை, ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், மூட்டை, வேகம் எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு உள்ளங்கைகளை நம்பித்தான் போகின்றன.

மெக்கானிக் முதலில் பார்த்தது

சேலத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு மாணவன் செகண்ட் ஹேண்டில் ஒரு டூரிங் பைக் வாங்கினான். நாலு நண்பர்களோடு கொல்லிமலை போக பிளான். கிளம்புவதற்கு முன் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு போனான். அவர் இன்ஜினைத் திருகிப் பார்ப்பார், சத்தம் கேட்பார் என்று இவன் எதிர்பார்த்தான். அவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இந்த நாலு நம்பரைப் படி."

"இருபத்தி மூணு பதினாறுண்ணே."

"என்ன அர்த்தம்?"

அவனுக்குத் தெரியவில்லை. 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். எல்லா டயரின் பக்கவாட்டிலும் இது இருக்கும். பட்டன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விரலால் அழுத்தினால் ரப்பர் மரக்கட்டை மாதிரி இருந்தது, ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு.

"இன்ஜின் நின்னா ரோட்டு ஓரமா நிப்பே. இது போனா எங்க நிப்பேன்னு சொல்ல முடியாது. மொதல்ல இதை மாத்து தம்பி, மத்ததை அப்புறம் பாப்போம்."

மெக்கானிக் அனுபவத்தில் சொன்னதை ஒரு பெரிய ஆராய்ச்சியும் சொல்லியிருக்கிறது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. வண்டியின் கோளாறால் நடந்த விபத்து 3 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பாலானவை டயரில் காற்று இறங்கியதால். வேறு வண்டி சம்பந்தப்படாமல் தனியாக விழுந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டியவரின் தவறு. அது என்ன தவறு? ஒன்று, பயத்தில் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தி சறுக்கியது. இன்னொன்று, வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்து வெளியே போய்விட்டது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேல் அந்த வண்டியை ஓட்டி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டுக்காரர்களிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள்.

வேறு நாடு, வேறு காலம்தான். ஆனால் அண்ணனின் வண்டியைத் தெருவில் இரண்டு ரவுண்டு ஓட்டிவிட்டு லைசென்ஸ் எடுக்கும் ஊருக்கு இந்தக் கடைசி வரி அந்நியமாகவா இருக்கிறது?

கிளம்பும் முன் பத்து நிமிடம்

டயர்: காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். காலையில் கிளம்பி முதலில் வருகிற பங்க்கிலேயே பார்ப்பது நல்லது. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். தனியாகப் போனால் ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் பின் டயருக்கு இன்னோர் அளவு. நூறு கிலோமீட்டர் ஓடி சூடான பிறகு பார்த்தால் சில புள்ளி அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து பயந்து காற்றைத் திறந்துவிடக் கூடாது. ஆறிய பிறகு குறைவாகிவிடும். பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் சின்ன மேடு ஒன்று இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான்.

செயின்: பெரிய வெளிநாட்டு ஸ்போர்ட் டூரர்களில் நிறைய வண்டிகளுக்கு செயினே இல்லை, ஷாஃப்ட்தான். இந்தியாவில் ஓடும் 200, 400 சிசி வண்டிகளுக்கு செயின் உண்டு, வேலையும் உண்டு. சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே, துடைத்து எண்ணெய் போட வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுகிறார்கள் சிலர். இந்த செயின்களின் இணைப்புகளுக்குள் ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கிரீஸைக் காப்பது அதுதான். பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும். மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ போதும். பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் ஸ்பிரேயையோ உள்பக்கமாகப் போட்டால் சுற்றும்போது வெளிப்பக்கம் தானாகப் பரவும்.

ஒரு விஷயம் மட்டும் கட்டாயம். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் பிடித்துத் துடைக்கவே கூடாது. துணி மாட்டினால் விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். விரல் போனவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்.

செயின் தொளதொளவென்று இருந்தால் கெடுதல், இதை எல்லோரும் சொல்வார்கள். அதிக டைட்டாக இருந்தால் அதைவிடக் கெடுதல் என்பதைச் சொல்ல ஆளில்லை. ஆள் ஏறி உட்கார்ந்து ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். மூட்டையும் பின்னால் ஆளும் சேர்ந்தால் பேரிங் தேயும், சில நேரம் செயினே அறுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். வண்டியின் கையேட்டில் எத்தனை மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும் என்று போட்டிருக்கும். ஒரே இடத்தில் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பார்க்க வேண்டும். இரண்டு பக்க நட்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்பதையும்.

பிரேக் ஆயில்: டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் கவனிக்காமல் விடப்படும் முதல் பொருள் இதுதான். இந்தத் திரவம் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது கொதிக்க குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடும். மலையிலிருந்து இறங்கும்போது டிஸ்க் பழுக்கச் சூடாகி, உள்ளே திரவம் கொதித்து, ஆவிக் குமிழி வந்தால் லீவர் பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரை போகும். பிரேக் இருக்காது. எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். தெளிந்த மஞ்சளாக இருந்த ஆயில் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தால் இரண்டு வருடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இன்ஜின் ஆயில்: வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். அதனால் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. கார் ஆயில் விலை குறைவு என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

கூலன்ட்: ரேடியேட்டர் உள்ள வண்டிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, உப்பு படியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சும்.

லைட்: பின்னால் ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன் விளக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவர் கண் கூசும். அவருக்குக் கண் தெரியாவிட்டால் ஆபத்து இவருக்கும்தானே. விளக்கை இறக்கி வைக்க ஒரு ஸ்குரூ போதும்.

மூட்டை கட்டும் சாஸ்திரம்

கனமான பொருள் கீழேயும் நடுவிலும், லேசான பொருள் மேலேயும் பின்னாலும். இரண்டு பக்கப் பையும் ஏறக்குறைய ஒரே எடை. இதற்கு மேல் பெரிய ரகசியம் இல்லை. எல்லாவற்றையும் சீட்டுக்குப் பின்னால் கோபுரம் மாதிரி கட்டினால் முன் சக்கரத்தின் பாரம் குறைந்து ஹேண்டில் லேசாகி ஆட ஆரம்பிக்கும். கட்டும் ரப்பர் கயிற்றின் முனை தொங்கக் கூடாது. அது சக்கரத்துக்குள் போனால் அதுவே பிரேக் :-) துப்பட்டா, ரெயின்கோட் நாடா, சேலை முந்தானை எல்லாவற்றுக்கும் இதே விதி. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் கிட், சின்ன ஏர் பம்பு, கிளட்ச் கேபிள் ஒன்று, ஃபியூஸ் இரண்டு, வண்டியோடு வந்த டூல்ஸ், டார்ச், தண்ணீர். கிளட்ச் கேபிளைப் பழையதோடு சேர்த்து அப்படியே ஓட்டி வைத்துவிடுபவர்களும் உண்டு. பழையது அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் வேலை முடிந்தது.

ரோட்டில்

ஹெல்மெட் எல்லோரும் வாங்குகிறார்கள், பட்டையைப் போடுவதுதான் இல்லை. பட்டை போடாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் போய் விழும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், மாற்ற வேண்டும்.

பிரேக்கில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்." சைக்கிள் காலத்திலிருந்து வந்த பயம். உண்மையில் பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் போகிறது, முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை அதுதான் செய்கிறது. கெடுப்பது சட்டென்று இறுக்குவது. ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிவது மாதிரி முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளங்கை அளவு ரப்பரை அகலமாக்காது. மணலில், வளைவில் சாய்ந்திருக்கும்போது அதை நம்பிக்கொண்டு இருக்க முடியாது. வாரம் ஒருமுறை காலியான, காய்ந்த ரோட்டில் 40-இல் வந்து நின்று பழகுவது நூறு டிப்ஸுக்குச் சமம்.

வளைவுகளில் கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கேதான் போகும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் இறங்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே நேர் ரோட்டில் குறைத்து, கியரும் மாற்றி முடித்து, வளைவின் முடிவைப் பார்த்தபடி லேசாக ஆக்ஸிலேட்டரைப் பிடித்து வெளியே வர வேண்டும். இடது பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ளினால் வண்டி இடது பக்கம் சாயும். கேட்க விசித்திரமாக இருக்கும், செய்து பார்த்தால் புரியும். பைக் ஓட்டுகிற எல்லோரும் தெரியாமலே செய்வது இது. தெரிந்து செய்தால் திடீரென்று குறுக்கே நாய் வரும்போது உதவும்.

தமிழ்நாட்டு ரோடுகளுக்கென்று தனிப் பாடம் சில உண்டு. அறுவடைக் காலத்தில் உளுந்தும் எள்ளும் வைக்கோலும் ரோட்டில் காயும், அதன் மேல் பிரேக் பிடித்தால் பனிச்சறுக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரங்களில் மணல் ஏறிக் கிடக்கும். கோடை முடிந்து பெய்யும் முதல் தூறல் பெருமழையைவிட மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து மேலே கொண்டுவரும். வெள்ளைக் கோடுகள் மழையில் வழுக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் ஃபேரிங் உள்ள வண்டியை அந்தக் காற்று பக்கவாட்டில் தள்ளும். அங்கே கையை இறுக்கிப் பிடிப்பது தவறு. கை தளர்ந்து, முழங்கால் டேங்கை அணைத்து, வேகம் குறைந்திருக்க வேண்டும். லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் காற்று மறுபடி வந்து அடிக்கும், அதையும் எதிர்பார்க்க வேண்டும்.

மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வெயிலில் நேர் ரோட்டில் ஓட்டினால் தூக்கம் வரும். கொட்டாவி வந்தால் அடுத்த டீக்கடை, இல்லையென்றால் புளியமரத்தடி. இருபது நிமிடம் தூங்கினால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

எழுபது வளைவுகள்

டயர் மாற்றிய அந்தச் சேலத்து மாணவன் நண்பர்களோடு கொல்லிமலை போனான். அடிவாரம் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து வண்டிகள். முன்னால் போனவன் அந்த ரோட்டை நன்றாக அறிந்தவன். இவன் கடைசி.

ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போனவர்கள் கண்ணிலிருந்து மறைந்தார்கள். இவன் துரத்தினான். நாற்பதைத் தாண்டிய ஏதோ ஒரு வளைவில் உள்ளே நுழைந்த பிறகுதான் வேகம் அதிகம் என்று தெரிந்தது. பயத்தில் பிரேக்கைப் பிடித்தான். சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்து நேராக ரோட்டின் வலது பக்கத்துக்குப் போனது. அங்கே மேலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசியில் பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும். டிரைவர் ஊர்ந்துதான் வந்திருக்கிறார், நிறுத்திவிட்டார். இருவருக்கும் நடுவே ஒரு கை நீளம்.

டிரைவர் திட்டவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "பொறுமையா வாப்பா. மலை எங்கயும் போயிடாது" என்றார். அவ்வளவுதான்.

வண்டியில் குறை எதுவும் இல்லை. டயர் புதுசு, பிரேக் புதுசு, செயின் சரியாக இருந்தது. புது டயர்தான் வழுக்காமல் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். ஆனால் அவனை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது முன்னால் போனவனின் வேகம். ஹர்ட் அறிக்கை சொன்ன வளைவு, அதே மாதிரி.

கூட்டமாகப் போகிறவர்களுக்குச் சில எளிய விதிகள் இருக்கின்றன. பழக்கம் குறைந்தவர் கடைசியில் வரக் கூடாது, வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக வர வேண்டும். அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகம். நன்றாக ஓட்டுபவர் ஒருவர் கடைசியில் வர வேண்டும். பிரிகிற ஒவ்வொரு ரோட்டிலும் முன்னால் போனவர் நின்று பின்னால் வருபவர் தெரிந்த பிறகே திரும்ப வேண்டும். அப்படி நிற்பார்கள் என்று தெரிந்தால் யாரும் துரத்த மாட்டார்கள். மலையில் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஏறினாலும் இறங்கினாலும் வழிவிடுவது புத்திசாலித்தனம்.

இறங்கும்போது இன்னொரு சபலம் வரும். "இறக்கம்தானே, நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்." இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. மிச்சமாவது சில ரூபாய். இழப்பது இன்ஜின் தருகிற இலவச பிரேக்கை. எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும், டிஸ்க் சூடாகாது, ஆயில் கொதிக்காது. பிரேக்கையும் விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி, பிறகு விட்டு ஆறவிட வேண்டும்.

இத்தனை டிப்ஸையும் மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம். நேரான பைபாஸில் அது அதிகமாக இருக்கும். ராத்திரியில் டிம் லைட்டில் குறையும், மழையில் இன்னும் குறையும், கொண்டை ஊசியில் சைக்கிள் வேகம்தான். மீட்டரில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

இந்த லீவுக்கு மலை ஏறப் போகிறவர்கள் இன்று சாயங்காலமே டயரில் அந்த நாலு எண்ணைத் தேடிப் பாருங்கள். ஹெல்மெட் பட்டையை மறக்க வேண்டாம்.